குபேரப் பெட்டிக்குப் பிரசவ வலி

சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், துணிக்கடை ஒன்றின் மாடியில், ஒரு மரப்பெட்டி வாராவாரம் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தது.

சிரிக்காதீர்கள். பினாங்கில் அப்போது யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் பெட்டிக்குக் கரு கலைந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள்.

ரப்பர் விலை குப்புற விழுந்து, தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணிமார்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஜார்ஜ் டவுனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. மனிதர்களுக்கு வேலை இல்லை. ஆனால் பணத்துக்கு வேலை கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. குபேரகிரி சுவாமிகள் என்று ஒருவர் வந்திருக்கிறாராம். அவரிடம் கற்பூர மரத்தில் செய்த பெட்டி ஒன்று இருக்கிறதாம். வெள்ளைக்காரன் டாலர் என்பதை நம்மவர்கள் வெள்ளி என்பார்களே, அந்தப் பத்து வெள்ளி நோட்டு ஒன்றை வெள்ளிக்கிழமை பெட்டியில் போட்டால், அது சனிக்கிழமை காலையில் ஒரு வெள்ளி குட்டி போடுமாம். தாய் நோட்டு பெட்டியிலேயே இருக்கும். குட்டியை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். அடுத்த சனிக்கிழமை இன்னொரு குட்டி. அதற்கடுத்த சனிக்கிழமை இன்னொன்று. தாய்க்கு வயதாகாது, களைப்பு வராது, தீனியும் வேண்டாம்.

இதைக் கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? வெள்ளிக்கிழமை மாலை வந்தால் சந்து கொள்ளாத கூட்டம். மாடிப்படிக்குக் கீழே கழற்றிப்போட்ட செருப்புகளை வைத்து ஒரு கடையே திறந்திருக்கலாம். சீன ரிக்ஷாக்காரர்கள் தமிழில் ஒரே ஒரு சொல் கற்றுக்கொண்டார்கள்: சாமி.

மாடியில் சுவாமிகள் தடித்த திண்டு ஒன்றின்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பார். சீன முதலாளித் தவுக்கே வந்தாலும் தலைவர் வந்தாலும் எழுந்திருக்க மாட்டார். அது தவத்தின் லட்சணம் என்று பக்தர்கள் சொல்லிக்கொண்டார்கள். பெட்டிக்குப் பின்னால் லட்சுமி படம். பெட்டியின்மேல் பச்சைத் துணி. பெட்டிக்கு முன்னால் சீனர் கோவிலில் கொளுத்துகிற தடி ஊதுவத்தி. எந்த மதத்துப் பணத்தின் மனமும் புண்படக்கூடாது என்பதில் சுவாமிகள் மிகவும் கவனமாக இருந்தார்.

"வெள்ளிக்கிழமை லட்சுமி வாசப்படி தாண்டக்கூடாது, மக்களே" என்று அவர் வாராவாரம் அருளுரை சொல்லுவார். "அதனால இந்தப் பெட்டியிலேருந்து இன்னிக்கு ஒரு காசு வெளிய போகாது. குட்டி நாளைக்குத்தான். இன்னிக்கு உள்ள வரலாம். வெளிய போகாது."

கூட்டம் தலையாட்டும். நியாயம்தானே? நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை யாராவது கைமாற்றுக் கேட்டு வந்தால் கொடுக்கிறோமா? மாட்டோம். விளக்கு வைத்த பிறகு ஒரு பிடி உப்புக்கூடக் கொடுக்க மாட்டோம். சுவாமிகளும் நம்மைப்போல ஆசாரமானவர் என்று எல்லோருக்கும் நிம்மதி.

அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பட்டதாரி ஆசாமியை, அதாவது பட்டம் வாங்கப்போகிற ஆசாமியை, உங்களுக்கு அறிமுகப்படுத்தவேண்டும். பெயர் சந்திரசேகரன். பினாங்கு ரோட்டில் ஒரு தையற்கடைக்கு மேலே இருந்த வணிகக் கல்லூரியில் கணக்கெழுத்தும் சுருக்கெழுத்தும் படிக்கிறவன். மாணவர் சங்கத் தலைவன். தலைவன் என்ற முறையில் வகுப்பு முழுவதின் பரீட்சைக் கட்டணத்தையும் வசூல் செய்து கையில் வைத்திருந்தான். சீமையிலிருந்து வருகிற பரீட்சை. அதில் தேறினால் கடற்கரை வீதிக் கப்பல் கம்பெனிகளில் நாற்காலி கிடைக்கும். தேறாவிட்டால் மறுபடி அப்பன் கடையில் அரிசி அளக்கவேண்டியதுதான்.

கட்டணம் கட்டுவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. இருநூற்று நாற்பது வெள்ளி அவன் தகரப் பெட்டியில் சும்மா தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிற பணத்தைப் பார்த்தால் படித்தவனுக்குப் பொறுக்குமா? அதைக் குபேரப் பெட்டியில் போட்டுவிட்டு, குட்டிகளையெல்லாம் சேர்த்துச் சங்கத்துக்கு ஒரு டைப்ரைட்டர் வாங்கிவிட்டு, தாயைப் பத்திரமாக எடுத்துக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று திட்டம் போட்டான். டைப்ரைட்டரில் தன் பெயரைப் பொறிக்க எவ்வளவு ஆகும் என்றுகூட விசாரித்து வைத்துக்கொண்டு, அந்த வெள்ளிக்கிழமையே மொத்தத்தையும் பெட்டியில் போட்டான்.

அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. கணக்கெழுத்து வாத்தியார் தங்கராஜு சாரே பெட்டியின் ஆதி பக்தர். பெட்டி வந்த முதல் வாரமே சம்பளத்தைக் கொண்டுபோய்ப் போட்டவர். அதன் பலன் அவர் மணிக்கட்டில் புதுக் கைக்கடிகாரமாக மின்னியது. நேரம் பார்க்கத் தேவையில்லாதபோதும் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் கூட்டு வட்டிப் பாடம் நடந்தது. சார் கரும்பலகையில் எழுதினார்: முதல் பத்து வெள்ளி. வாரத்துக்கு ஒன்று. குட்டியையும் எடுக்காமல் பெட்டியிலேயே விட்டால் ஒரு வருடத்தில் எவ்வளவு?

பென்சில்கள் பறந்தன. ஒரு வருடத்தில் ஆயிரத்து நானூறு சொச்சம். இரண்டாம் வருடம் இரண்டு லட்சம். மூன்றாம் வருடம் இரண்டு கோடிக்கு மேலே.

"அப்போ நம்ம பினாங்குக் கொடிமலையை, அதுல ஏறற ரயிலோட வாங்கிடலாம்லா, சார்!" என்றான் சூலியா தெருக் காசுமாற்றுக்காரர் மகன் அப்துல் அஜீஸ்.

"கணக்கு அப்படித்தான் சொல்லுது" என்றார் சார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அதுதான் வேடிக்கை. அந்த வகுப்பில் மூளை இருந்த எல்லோரும் அதைப் பெருக்குவதற்கு மட்டும் உபயோகப்படுத்தினார்கள்.

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. நவமணி. வகுப்பிலிருந்த ஒரே பெண். அவளும் பரீட்சைக் கட்டணம் கட்டியிருந்தாள், கையிலிருந்த ஒரு ஜோடி வளையலை விற்று. கட்டணம் சந்திரசேகரனிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

"சார், ஒரு பக்கம் வரவுன்னா இன்னொரு பக்கம் பற்று இருக்கணும்னு நேத்து சொன்னீங்க. நமக்கு வரவு வர்ற அந்த ஒரு வெள்ளி, யாருக்குப் பற்று?"

தங்கராஜு சார் கொஞ்சம் யோசித்தார். "குபேரனுக்கு" என்றார்.

வகுப்பு கைதட்டியது. சந்திரசேகரன் எல்லோரையும்விட பலமாகத் தட்டினான்.

மூன்று சனிக்கிழமைகள் அவன் பெட்டியிடம் போய் நின்றான். குட்டிகளைக் கண்ணால் பார்த்துவிட்டு, "உள்ளேயே இருக்கட்டும், சாமி" என்று திரும்பப் போட்டுவிட்டு வந்தான். நாலாவது சனிக்கிழமை, கட்டணம் கட்ட இன்னும் ஒரு வாரமே இருக்கும்போது, தாயைக் கேட்கப் போனான்.

பெட்டியைப் பார்த்துக்கொள்வது சுப்பையா என்ற ஒல்லிச் சீடன். பணத்தை வாங்குவதும் கொடுப்பதும் அவன் கைதான்; சுவாமிகள் பணத்தைத் தொட மாட்டார்.

"முதலையா கேக்கறீங்க?" என்று சுப்பையா காதைப் பொத்திக்கொண்டான். "என்ன தம்பி, படிச்சவரு இப்படிப் பேசறீங்க! குட்டி போடற தாயை வயித்தைக் கிழிச்சு எடுப்பாங்களா?"

"இல்லண்ணே, பரீட்சைக்குக் கட்டணும். திங்கட்கிழமை கழிச்சு அடுத்த திங்கள் கடைசி நாள்."

"அப்போ ஒண்ணு செய்ங்க. புதுசா ஒரு இருபது பேரைக் கூட்டிட்டு வாங்க. அவங்க போட்டாங்கன்னா உங்களுக்கு உடனே எடுத்துத் தர்றேன்."

சந்திரசேகரன் மாடிப்படியில் இறங்கும்போது அந்த வார்த்தை அவன் தலைக்குள் மெதுவாக இறங்கியது. அவங்க போட்டால் உனக்குத் தருகிறேன். பாதிப் படியில் நின்றான். கணக்கெழுத்தில் வகுப்பிலேயே முதல் மாணவன் அவன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

நவமணியிடம்தான் முதலில் சொன்னான். சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமல் இருக்கப் பயமாக இருந்தது. திங்கட்கிழமை காலை கல்லூரி மாடிப்படியில், தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும் கொட்டினான்.

அவள் தன் வெறும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"என் வளையலும் அதுக்குள்ளதானா?"

"ஆமா."

"டைப்ரைட்டர்ல உங்க பேரைப் பொறிக்கப் போறீங்கன்னு அஜீஸ் சொன்னான். எவ்வளவு கேட்டாங்க, தலைவரே?"

"நவமணி, தயவுசெஞ்சு."

"அழாதீங்க. அழுதா வந்துடுமா? எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லுங்க. பழையவங்களுக்குக் குடுக்கறது புதுசா வர்றவங்க பணம்தான், பெட்டி எதையும் பெத்துப் போடலைன்னு சொல்லுங்க. கூட்டமாப் போய்க் கேட்டா குடுத்துத்தானே ஆகணும்."

சொன்னான். அன்று மாலையே சூலியா தெருக் கோப்பிக் கடையில், பத்துப் பன்னிரண்டு பக்தர்கள் கூடியிருக்கும்போது எழுந்து நின்று, விவரமாக, பற்று வரவோடு விளக்கினான். நல்ல பேச்சு. ஆதாரம் இருந்தது, தர்க்கம் இருந்தது. ஒருவர் கோப்பியை அவன் சட்டையில் ஊற்றினார். இன்னொருவர், "கருவைக் கலைக்கவே வந்திருக்கான்லா இவன்!" என்று நாற்காலியைத் தூக்கினார். அஜீஸ்தான் அவனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"உனக்கு வேற வேலை இல்லியா?" என்றான் அஜீஸ். "எங்க தெருவுல தாயத்து விக்கிறவருகிட்டப் போய் இது வெறும் செம்புத் தகடுன்னு சொல்லு பாப்போம். தாயத்து வாங்கினவன்தான் முதல்ல அடிப்பான்."

"நீ அதுலயும் போட்டிருக்கியா?"

"தாயத்துலயும் போட்டேன், பெட்டியிலயும் போட்டேன்" என்று அஜீஸ் ஒப்புக்கொண்டான். "வாப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுடுவாரு."

மறுநாள் சட்டைக் கறையைப் பார்த்து நவமணி சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "எப்போ வாங்கறாங்க, எப்போ குடுக்கறாங்க?" என்று கேட்டாள்.

"வெள்ளி சாயங்காலம் வாங்கறாங்க. சனி காலையில குடுக்கறாங்க."

"ஏன் அப்படி?"

"வெள்ளிக்கிழமை பணம் வெளிய போகக்கூடாதுல்ல. லட்சுமி போயிடுவா."

நவமணி அவனையே பார்த்தாள். "அவர் வீட்டு லட்சுமி போகக்கூடாது. சரி. நம்ம வீட்டு லட்சுமி வெள்ளிக்கிழமை படியேறிப் போய் அவர் பெட்டியில படுத்துக்கலாமா?"

சந்திரசேகரன் தலையில் அடித்துக்கொண்டான். இத்தனை வாரம் அத்தனை பேர் தலையாட்டினார்களே, ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லையே!

"எங்கம்மா வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்கு ஊசி குடுக்க மாட்டாங்க" என்றாள் நவமணி. "அதே அம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருபது வெள்ளியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போய் அங்க போட்டுட்டு வர்றாங்க. கேளுங்க. நீங்க புத்தி சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. அவங்க நம்பிக்கையையே எடுத்துச் சொல்லுங்க. ஓடி வந்து கேப்பாங்க. பணம் போட வேண்டாம்னு சொல்லாதீங்க. ஒரு ராத்திரி பொறுத்து, சனிக்கிழமை குட்டியை வாங்கிக்கிட்டுப் போடலாம்னு மட்டும் சொல்லுங்க. பெட்டி நிசமாவே பெத்துப்போடுதுன்னா அதுக்கு என்ன நஷ்டம்?"

அவனுக்கு அது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மூடநம்பிக்கையை மூடநம்பிக்கையால் முறியடிப்பதா, இது பகுத்தறிவுக்கு அழகா என்று ஒரு கேள்வி எழுந்தது. சட்டையில் கோப்பிக் கறை இன்னும் போகாததால் அந்தக் கேள்வியை ஒத்திவைத்தான்.

மாணவர்கள் சாப்பிடும் மெஸ்ஸை நடத்துகிறவர் நல்லம்மாள். ஊரில் எந்தச் சேதியும் அந்தம்மாள் வாயில் விழுந்தால் தந்திக்கு வேலையில்லை. பெட்டியில் நிறையப் போட்டிருந்தார். குட்டிகளை வைத்து வைர மூக்குத்தி வாங்கியிருந்தார். அன்று பசியாற உட்கார்ந்தபோது சந்திரசேகரன் மெதுவாக ஆரம்பித்தான்.

"அக்கா, போன வெள்ளிக்கிழமை மெஸ் பாக்கி போக மிச்சச் சில்லறை கேட்டேன். தர மாட்டேன்னுட்டீங்க."

"வெள்ளியும் அதுவுமா எவளாவது காசைக் கையால எடுத்துக் குடுப்பாளா, தம்பி? வீடு வெளங்குமா?"

"அதானேக்கா. சாமியும் அதான் சொல்றாரு."

"சாமி சொல்லணுமா? எனக்கே தெரியும்."

"அப்போ சாயங்காலம் பெட்டியில மட்டும்..."

அவன் முடிக்கவில்லை. தோசைக் கரண்டி நல்லம்மாள் கையில் அப்படியே நின்றது. கல்லில் தோசை கருகியது. மூக்குத்தி மேலும் கீழும் ஆடியது.

"அட ஆமா!" என்றார் நல்லம்மாள். "இத்தனை வாரமா என் லட்சுமியை நானே கொண்டுபோய் விட்டுட்டு வந்திருக்கேன்!"

அவ்வளவுதான். புதன்கிழமை மதியம் காய்கறிப் பாசாரில் அதே பேச்சு. வியாழக்கிழமை கோப்பிக் கடையில் கோப்பி ஊற்றிய அதே மனிதர், "வெள்ளிக்கிழமை பணம் குடுக்கறது எவ்வளவு பெரிய தோஷம் தெரியுமா?" என்று சந்திரசேகரனுக்கே விளக்கினார். திங்கட்கிழமை உண்மையைச் சொன்னபோது ஒருவரும் காது கொடுக்கவில்லை. தோஷம் என்றதும் எல்லோருக்கும் காது முளைத்தது.

வெள்ளிக்கிழமை மாலை வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். பக்தி குறையவே இல்லை. பழம் வந்தது, பூ வந்தது, கற்பூரம் வந்தது, தேங்காய் வந்தது. சுப்பையா தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தான். தட்டில் வாழைப்பழம் குவிந்தது. மறுபடி ஒரு சுற்று வந்தான். இன்னும் கொஞ்சம் வாழைப்பழம். சுவாமிகள் பழத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், சுப்பையாவைப் பார்த்தார்.

"காணிக்கை எங்க, மக்களே?"

"நாளைக்குக் கொண்டாறோம், சாமி" என்றார் நல்லம்மாள், கைகூப்பி, மனதார. "வெள்ளிக்கிழமை லட்சுமி வாசப்படி தாண்டக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்களுக்கு இவ்வளவு நாளா உறைக்கலை, சாமி. மன்னிச்சுக்கிடணும்."

"தெய்வத்துக்குக் குடுக்கறது வெளிய போறதாகாது, தாயே."

"அப்படியா சாமி? அப்போ நீங்களும் இன்னிக்கே எங்களுக்குக் குட்டியைக் குடுத்துடலாமே. தெய்வம் குடுக்கறதும் வெளிய போறதாகாதுதானே?"

நல்லம்மாள் கிண்டல் செய்யவில்லை. அந்தம்மாளுக்கு அது உண்மையான சந்தேகம். சுவாமிகள் கண்ணை மூடிக்கொண்டார். சமாதி நிலை என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். தூணோரம் நின்ற சந்திரசேகரனுக்குச் சுவாமிகள் ஒரு கண்ணை லேசாகத் திறந்து தட்டைப் பார்ப்பது தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு அவரைப் பார்த்துப் பயமில்லை.

சனிக்கிழமை காலை எல்லோரும் பணத்தோடு வந்தார்கள். அதைக் கவனியுங்கள். ஒருவரும் ஏமாற்ற வரவில்லை. முந்தானையிலும் மடியிலும் நோட்டை வைத்துக்கொண்டு, குட்டியை வாங்கியதும் போட்டுவிடலாம் என்று வரிசையில் நின்றார்கள். சுப்பையா பெட்டியைக் கொஞ்சமாகத் திறந்து, கையை மட்டும் உள்ளே விட்டு, குட்டிகளை எடுத்துக் கொடுத்தான். முதலில் தங்கராஜு சார் வாங்கினார். பிறகு சிலர். பிறகு பெட்டிக்குள் ஒரு சத்தம் கேட்டது. வெறும் பலகையில் நகம் உராயும் சத்தம்.

"மிச்சம் பேர் முதல்ல போடுங்க. அப்புறம் வாங்கிக்கலாம்" என்றான் சுப்பையா.

"முதல்ல குட்டி" என்றார் நல்லம்மாள்.

"முதல்ல போடுங்கக்கா."

"ஏன்?"

அந்த மாடியில் ஏன் என்ற கேள்வி கேட்டது அன்றுதான் முதல்முறை. ஏதோ கெட்ட வார்த்தை கேட்டதுபோல் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நவமணி முன்னால் வந்தாள்.

"சாமி, இவங்க போட வேண்டியதெல்லாம் இவங்க கையில தயாரா இருக்கு. யாரும் ஓடிப்போகலை. பழைய நோட்டுங்க பல வாரமா உள்ளதானே படுத்திருக்கு? ஒரே ஒரு ராத்திரி புது நோட்டு வரலை. அதுக்குப் பழைய நோட்டு ஏன் குட்டி போடலை?"

சுவாமிகளின் கண் சிவந்தது. "யாரோ சந்தேகப்பட்டுட்டாங்க! பாவி எவளோ சந்தேகப்பட்டுட்டா! கரு கலைஞ்சுபோச்சு!"

கூட்டம் நடுங்கியது. சிலர் நவமணியை முறைத்தார்கள். சந்திரசேகரன் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். நாற்காலி எதுவும் பறந்து வருகிறதா என்று ஒரு கண் பார்த்துக்கொண்டான்.

நவமணி குரலை உயர்த்தவே இல்லை. "சரி, சாமி. கலைஞ்சது குட்டிதானே? தாயைக் காட்டுங்க."

சுப்பையா பச்சைத் துணியைப் பெட்டியின்மேல் இழுத்துவிட்டான்.

"குட்டி செத்தாலும் தாய் பெட்டியில இருக்கணும்ல" என்றாள். "அதைத் தொட வேண்டாம். எண்ண வேண்டாம். மூடியைத் திறந்து காட்டினாப் போதும்."

எவ்வளவு சின்னக் கேள்வி! இரண்டு லட்சத்தையும் இரண்டு கோடியையும் பெருக்கிப் பார்த்த மூளைகளுக்கு இது மட்டும் தோன்றவில்லை. சுப்பையா மூடியின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டான். அதைப் பார்த்ததும் அஜீஸுக்கு என்ன வேகம் வந்ததோ, பெட்டியை அப்படியே ஒருபக்கமாகச் சாய்த்தான். உள்ளேயிருந்து ஒரு கற்பூர டப்பா உருண்டு வந்தது. ஒரு வாழைப்பழத் தோல் விழுந்தது. சில சில்லறைக் காசுகள். வேறொன்றும் இல்லை. தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

சுப்பையாவும் அடுத்த நொடி அங்கே இல்லை. பின்படிக்கட்டில் அவன் இறங்கிய சத்தம்தான் கேட்டது.

சுவாமிகள் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஓடவில்லை, எழுந்திருக்கக்கூட இல்லை. தவுக்கே வந்தாலும் எழாத அந்தத் தவத்தை நல்லம்மாள் உற்றுப் பார்த்தார். மெஸ் நடத்துகிறவர் அல்லவா? அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்து மறைக்கிற ஆட்களை நிறையப் பார்த்தவர்.

"எந்திரிங்க, சாமி" என்றார்.

சாமி எழவில்லை. நல்லம்மாள் ஒரு கை, அஜீஸ் ஒரு கை, சந்திரசேகரன் ஒரு கால் என்று பிடித்துத் தூக்கினார்கள். திண்டைப் பிரித்தார்கள். பஞ்சு கொஞ்சம்தான் இருந்தது. மீதியெல்லாம் நோட்டு. அதிலிருந்து எடுத்துக் குட்டி கொடுக்க மட்டும் சுவாமிகளுக்கு மனம் வரவில்லை.

ஒரே ஆரவாரம். ஆனால் எண்ணிப் பார்த்தபோது ஆரவாரம் அடங்கியது. அத்தனை பேருடைய முதலில் பாதிக்குத்தான் வந்தது.

"மீதி எங்கடா?" என்று சுவாமிகளின் தாடியைப் பிடித்தார் கோப்பி ஊற்றிய மனிதர்.

"நான் எடுக்கலைங்க" என்றார் சுவாமிகள், முதல்முறையாக மனிதக் குரலில். "சத்தியமா உங்களுக்குத்தாங்க குடுத்தேன்."

சந்திரசேகரனுக்கு அது உண்மை என்று புரிந்தது. மெதுவாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். நல்லம்மாளின் மூக்குத்தி. கோப்பிக்காரரின் புதுக் குடை. தங்கராஜு சாரின் மணிக்கட்டு. தன் வகுப்பின் பரீட்சைக் கட்டணம் இத்தனை நாளாக எங்கே இருந்தது என்று தெரிந்துவிட்டது. அது வாத்தியாரின் கையில் டிக் டிக் என்று மணி காட்டிக்கொண்டிருந்தது.

சார் அவன் பார்வையைக் கண்டார். சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடிக்கொண்டார்.

"யாருக்குப் பற்றுன்னு அன்னிக்குக் கேட்டேன், சார்" என்றாள் நவமணி. குரலில் கிண்டல் இல்லை. வளையல் இல்லாத கையை நீட்டிக் காட்டினாள். "குபேரனுக்குன்னீங்க."

திண்டில் இருந்ததைப் பங்குபோட்டதில் வகுப்புக்குப் பாதிக் கட்டணம் வந்தது. சுவாமிகளைப் போலீசில் ஒப்படைத்தார்கள். எதிர்க்கரைப் பிறை ஊர் ரயிலடியில் பல்வலித் தைலம் விற்றுக்கொண்டிருந்தவர் என்பது அங்கே தெரிந்தது. அவரைக் கூட்டிப்போன போலீஸ்காரர், நம்மவர்கள் சொல்கிற மாத்தா, வழியெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டாராம்: "என் இருபது வெள்ளி எங்கே?"

அன்று மாலை சூலியா தெருவில் ஒரு கைக்கடிகாரம் விலைபோனது. விற்ற பணத்தைத் தங்கராஜு சார் ஒரு வார்த்தையும் பேசாமல் சந்திரசேகரன் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அப்படியும் குறைந்தது. சந்திரசேகரன் தன் சைக்கிளை விற்றான். சைக்கிளின் மணியைக்கூடக் கழற்றிக்கொள்ள வாங்கினவன் விடவில்லை. திங்கட்கிழமை காலை வகுப்பின் கட்டணம் முழுவதும் கட்டியாகிவிட்டது. ரசீதை அவன் நவமணியிடம் காட்டியபோது அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகுதான் நம்பினாள். அவள் செய்தது சரி.

இத்தோடு ஊர் திருந்தியது என்று நினைத்தீர்களானால் உங்களுக்கும் ஒரு பெட்டி பார்சல்.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்திரசேகரன் மெஸ்ஸில் பசியாறிக்கொண்டிருந்தான். நல்லம்மாள் ஊருக்கே கேட்கிறமாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்: "சாமி பொய்தான். ஆனா வெள்ளிக்கிழமையோட சக்தியைப் பாத்தீங்களா! அன்னிக்கு மட்டும் பணத்தை வெளிய குடுக்காம இருந்ததாலதானே பாதியாவது தப்பிச்சது! லட்சுமிதான் காப்பாத்தினா!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். கோப்பிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சந்திரசேகரன் கையைக் கழுவிவிட்டு, சட்டைப் பையிலிருந்த மூன்று வெள்ளியைத் தடவிப் பார்த்துக்கொண்டு கிளம்பினான்.

"எங்க தம்பி, அவசரமா?"

"தபாலாபீசுக்கு, அக்கா. சேமிப்புக் கணக்குத் திறக்கப்போறேன்."

"வெள்ளிக்கிழமையா!" நல்லம்மாளுக்குக் கரண்டி நழுவியது. "பணத்தை வெளிய குடுக்கவா? அதுவும் வருசம் பூரா காத்திருந்தாலும் நூத்துக்கு ரெண்டோ மூணோதானே தருவான்!"

"ஆமாக்கா. நேத்தே போய்க் கேட்டேன். அந்த ரெண்டு மூணு எங்கேருந்து வருதுன்னு. கிராணிக்குக் கோபம் வந்துடுச்சு. ஆனா பதில் சொன்னாரு. சர்க்கார் அந்தப் பணத்தை எங்க போடுது, என்ன வருது, நமக்கு என்ன மிச்சம்னு சொன்னாரு. நான் முதலைக் கேட்டா என்னிக்குத் தருவீங்கன்னு கேட்டேன். அதுக்கும் சொன்னாரு. அப்புறம்தான் போடலாம்னு தோணிச்சு."

வாசலில் நவமணி நின்றிருந்தாள். அவளும் அங்கேதான் போகிறாள். "சீக்கிரம் வாங்க, தலைவரே" என்றாள். "இப்போ சைக்கிளும் இல்லை."

இருவரும் வெயிலில் நடந்தார்கள். சூலியா தெருச் சந்தைத் தாண்டும்போது சந்திரசேகரன் அண்ணாந்து பார்த்தான். அந்த மாடியில் புதுப் பலகை ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே அதற்குள் நாலைந்து ஜோடிச் செருப்பு சேர்ந்துவிட்டது.

வரட்டும். பெட்டி வரும், சொம்பு வரும், கோட்டும் டையும் போட்ட கம்பெனிகூட வரும். போடுவதற்கு முன்னால் கேளுங்கள்: இந்தக் குட்டி யார் வீட்டிலிருந்து வருகிறது? கேட்டால் கரு கலைந்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால், கலையட்டும்.